நான்கரை ஆண்டுகள், இரண்டு செட் வீல் நட்டுகள்: என் ஹோண்டா சிட்டி அனுபவம்

என் 2014 ஹோண்டா சிட்டிக்கு 16 அங்குல அலாய் வீல் மாற்றி நான்கரை ஆண்டுகள் ஆகின்றன. வண்டி அதன்பின் 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. வீலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அந்த வீல்களைப் பிடித்து நிறுத்தும் 16 நட்டுகளைப் பற்றி.

மாற்றிய மூன்றாம் நாளே பிரச்சினை. மெதுவாகத் திரும்பும்போது முன்பக்க இடது வீலில் 'டக் டக்' என்று சத்தம். வீல் மாட்டிய கடையில் பழைய ஹோண்டா நட்டுகளையே போட்டு அனுப்பியிருந்தார்கள். ஹோண்டா நட்டின் உட்காரும் முகம் பந்துபோல உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றில் நட்டு உட்காரும் குழியோ 60 டிகிரி கூம்பு. கூம்புக்குள் உருண்டை உட்கார்ந்தால் மெல்லிய ஒரு வளையம் மட்டுமே தொடும். நட்டைக் கழற்றிப் பார்த்தபோது குழியின் பெயின்டில் நூல்போல ஒரு பளபளப்புக் கோடு தெரிந்தது. ஸ்பானருக்கு இறுகியதாகத் தோன்றிய நட்டு, அந்தக் கோட்டில்தான் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடனே கூம்பு முக நட்டுகள் வாங்கினேன். என் வீலில் நட்டுத் துளை குறுகல். சாதாரண 19 மி.மீ. சாக்கெட் உள்ளே போகாது. அதனால் தனிச் சாவி போட்டுத் திருகும் மெல்லிய வகை தேவைப்பட்டது. முதல் செட் சிவப்பு வண்ணம் ஏற்றிய அலுமினியம். கையில் எடுத்தால் எடையே தெரியாது, பார்க்க மிக அழகு. ஓராண்டுக்குள் வெயிலில் சிவப்பு வெளிறிவிட்டது. அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்டட்டில், அதாவது நட்டு ஏறும் போல்ட்டில், வெள்ளித் தூள் ஒட்டியிருந்தது; எஃகு ஸ்டட் அலுமினிய மரையைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருந்தது. ஒரு டயர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கியபோது ஒரு நட்டின் மரை முழுவதும் உருவிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மீதி 15 நட்டுகளையும் கழற்றினேன். தினசரி ஓடும் வண்டிக்கு அலுமினிய நட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது செட் குரோம்-மாலிப்டினம் எஃகு, கறுப்பு, நுனி மூடியது. மூடிய நட்டில் ஒரு ஆபத்து உண்டு: உள்ளே ஆழம் போதாவிட்டால் ஸ்டட் நுனி மூடியில் முட்டி நின்றுவிடும். குறித்த இறுக்கம் வந்ததும் ஒலி எழுப்பும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், வீல் மட்டும் இறுகியிருக்காது. ஆழத்தை அளந்து பார்த்த பிறகே வாங்கினேன்.

மரையையும் கவனியுங்கள். சிட்டியின் ஸ்டட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ. மாருதி ஸ்விஃப்டுக்கும் அதே 12தான், ஆனால் இடைவெளி 1.25. பெட்டியில் இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும். மாறிப்போனால் கையால் ஓரிரு சுற்று போய்ச் சிக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும், ஸ்பானரால் வலிந்தால் ஸ்டட் போய்விடும். சரியான நட்டு கையாலேயே கடைசி வரை ஏறும். ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது மரை பிடிக்க வேண்டும், அதாவது இங்கே 8 சுற்று. வீலை வெளியே தள்ளி நிறுத்த நான் ஆசைப்பட்டுப் போட்டிருந்த 5 மி.மீ. ஸ்பேசர் தகடு அதில் மூன்று சுற்றுக்கு மேல் விழுங்கிவிட்டது என்று எண்ணிப் பார்த்த அன்றே அதைக் கழற்றி வைத்தேன். வீலின் 73.1 மி.மீ. நடுத்துளைக்கும் அதற்குள் நுழையும் ஹோண்டாவின் 56.1 மி.மீ. ஹப்புக்கும் இடையில் வளையம் போட்டதும் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவதும் நின்றது.

இப்போது வழக்கம் இதுதான்: கையால் ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, ஜாக்கியை இறக்கியபின் ஹோண்டா சொல்லும் 108 நியூட்டன் மீட்டர் இறுக்கம். மரையில் கிரீஸ் கிடையாது. தடவினால் அதே அளவில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபார்ப்பேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டி யோசிக்கத் தவறினேன். புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது அச்சிறுபாக்கம் அருகே இரவில் பஞ்சர். ஸ்டெப்னி ஹோண்டாவின் இரும்பு வீல், அதன் குழி உருண்டை. என் கையில் இருந்தவையோ கூம்பு நட்டுகள். அவற்றைப் போட்டே பஞ்சர் கடை வரை ஊர்ந்து போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் மனம் பதறியது. மறுநாளே பழைய ஹோண்டா நட்டுகளில் நான்கைத் துணிப்பையில் கட்டி ஸ்டெப்னிக் குழிக்குள் வைத்தேன். சாவி டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது.

போன மாதம் டயர் மாற்றக் கழற்றியபோது இரண்டு நட்டுகளில் மட்டும் கறுப்புப் பூச்சு நுனியில் உரிந்திருந்தது. மரை அத்தனையும் சுத்தம். அதே நட்டுகளைத்தான் திரும்ப மாட்டியிருக்கிறேன்.