கல் மேடைக்குப் போடும் பற்று: கறை உறிஞ்சும் தூள் ஒன்றைப் பயன்படுத்திய அனுபவம்

எண்ணெய்ப் புட்டி வைத்து வைத்து எடுத்த இடத்தில், எங்கள் வெளிர் சாம்பல் நிறக் கிரானைட் மேடையில் வட்டமாக ஒரு கருமை படிந்து, சோப்புக்கும் மசியாமல், தேய்ப்புக்கும் மசியாமல் மாதக்கணக்கில் இருந்துவந்தது. மெருகேற்றிய கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எண்ணெய் அவற்றுக்குள் இறங்கிவிட்டால், மேலே எவ்வளவு தேய்த்தாலும் கை வலிப்பதுதான் மிச்சம். இத்தகைய கறையை வெளியே இழுப்பதற்கென்றே விற்கப்படும் வெள்ளைத் தூள் ஒன்றை வாங்கினேன். வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதைப் போலக் கல்லுக்குப் போடும் பற்று இது.

டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தபடி தண்ணீரில் குழைத்துப் பூசிய முதல் முயற்சி வீணாயிற்று. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எண்ணெய்க் கறைக்கு, எண்ணெயைக் கரைக்கும், எளிதில் தீப்பற்றும் திரவமான அசிட்டோனில் குழைக்க வேண்டும் என்ற குறிப்போ பின்புறத்தில், கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய அளவில் இருந்தது. அடுத்த முறை அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, கையுறையுடன் அசிட்டோன் விட்டுப் பற்பசையைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்தேன். கறையின் விளிம்பைத் தாண்டியும் படியுமாறு அரை சென்டிமீட்டர் கனத்தில் பூசி, பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விட்டேன். தாளை எடுத்த பிறகு பற்று தானாக முழுவதும் உலர வேண்டும். அந்த உலர்தலின்போதுதான் கரைந்த எண்ணெய் கல்லிலிருந்து தூளுக்கு ஏறுகிறது என்பதால், ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் பட்ட பாடு வீண்.

உலர்ந்த பற்றைப் பிளாஸ்டிக் கரண்டியால் நெம்பியபோது வெடித்த சேறுபோலச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. வெள்ளையாகப் பூசியதன் அடிப்பக்கத்தில் மங்கிய மஞ்சள் ஏறியிருந்ததைக் கண்டபோதுதான் தூள்மீது நம்பிக்கை வந்தது. வட்டம் பாதிக்கு மேல் வெளிறியது. இன்னும் இரண்டு முறை போட்ட பின், அது எங்கே இருந்தது என்று தேட வேண்டிய நிலைக்கு வந்தது.

வெளிர் நிற மூலையில் இருந்த தேநீர்க் கறைக்கு அதே தூளை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்தேன். ஒரே முறையில் போய்விட்டது. பெராக்சைடு நிறத்தை வெளுக்கக்கூடியது என்பதால் கருநிறக் கற்களில் மறைவான இடத்தில் சோதிக்காமல் பூச வேண்டாம்.

‘எல்லா அடையாளங்களும் நீங்கும்’ என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதுதான் எனக்குச் சற்றும் பிடிக்காதது. எங்கள் வீட்டுப் பளிங்குப் பலகையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் வெள்ளையாக, ஒளியிழந்து கிடக்கிறது. அது கறையன்று, பளிங்கின் கால்சியம் கார்பனேட்டை அமிலம் அரித்த தழும்பு. வெளியே இழுக்க அங்கே எதுவும் இல்லாதபோது எந்தப் பற்றும் பயன் தராது. மீண்டும் மெருகேற்றுவது ஒன்றே வழி. கல்லைவிடக் கருமையாகத் தெரிந்தால் பெரும்பாலும் கறை, வெளிறியும் பக்கவாட்டு வெளிச்சத்தில் மங்கியும் தெரிந்தால் பெரும்பாலும் அரிப்பு என்ற இரண்டு வரியை அச்சிட்டிருந்தால், பலருக்குப் பணம் மிஞ்சியிருக்கும். கறைக்கு வினிகர் தடவச் சொல்லும் அறிவுரையைப் பளிங்கு வைத்திருப்பவர்கள் காதில் வாங்கவே வேண்டாம்.

எண்ணெய்க் கறைக்காக இதை மறுபடியும் வாங்குவேன். பளிங்கின் தழும்புக்காக வாங்க மாட்டேன். கறை நீங்கிய இடத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்த்தேன்; சில நிமிடங்களில் கல் அதைக் குடித்துக் கருத்தது. அந்தப் பகுதிக்கு, நுண்துளைகளில் எதுவும் எளிதில் இறங்காமல் தடுக்கும் சீலர் பூசி, எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் ஒரு சிறு தட்டும் வைத்திருக்கிறேன்.