சேலத்தில் பல் வெள்ளையாக்கிய அனுபவம்: லேசருக்கு எவ்வளவு, ஜெல்லுக்கு எவ்வளவு

பாலக்கோடு பக்கத்து ஆள் நான். எங்கள் பகுதியில் என் வயதுக்காரர்கள் வாயைத் திறந்தாலே எந்த மாவட்டம் என்று தெரிந்துவிடும். மேல் முன்பற்களில் குறுக்கே ஒரு காவிப் பட்டை, நடுநடுவே சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடின் வேலை அது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது கணக்கு. அதைத் தாண்டிய கிணறும் போர்வெல்லும் எங்கள் பக்கம் ஏராளம். பல்லின் மேலோடான எனாமல் உருவாகும் ஏழெட்டு வயதுக்குள் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை உள்ளேயே படிந்துவிடும். அதற்குப் பிறகு குடித்தால் பல்லில் புதிதாக வராது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு முடிந்து 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நாங்கள் அதற்கு ரொம்ப முந்தியே வளர்ந்துவிட்டோம்.

அக்கா மகள் கல்யாணத்துக்காகப் பிரிட்டனின் பர்மிங்காமிலிருந்து கொஞ்சம் முன்கூட்டியே வந்ததால், இந்த முறை பல்லைப் பார்த்துவிடுவது என்று முடிவு. அங்கே அழகுக்காகப் பல் வெள்ளையாக்குவதை அரசு மருத்துவத் திட்டம் ஏற்காது. தனியாரிடம்தான் போக வேண்டும், பல்லுக்கேற்ற உறையில் ஜெல் விட்டு வீட்டில் போட்டுக்கொள்ளும் டிரே முறைக்கே முந்நூறு பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். இன்னொன்று, 2012 அக்டோபர் முதல் பிரிட்டனில், வெளுக்க வைக்கும் மருந்தான ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஜெல்லைப் பல் வெள்ளையாக்கப் பயன்படுத்த முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கூடாது. இந்தியாவில் கிளினிக்கில் போடும் ஜெல் 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். அதனால்தான் இங்கே ஒரே உட்காரலில் முடிகிறது, அங்கே வாரக்கணக்கில் இழுக்கிறது. மெஷின் நல்லது கெட்டது என்பதெல்லாம் அப்புறம்.

சேலத்தில் முதலில் போன இடம் பளபளவென்று இருந்தது. வாசலில் ‘லேசர் ஒயிட்டனிங், 9,999 மட்டும், எட்டு ஷேடு கேரண்டி’ என்று பேனர். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் வாயைத் திறக்கச் சொல்லாமலேயே, “இன்னைக்கே பண்ணிடலாம் சார், முக்கால் மணி நேரம்தான்” என்றார். மெஷினைக் காட்டச் சொன்னேன். வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கும் நீல விளக்கு. அது எல்இடி; லேசர் கிடையாது. பல் மருத்துவத்தில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் டயோடு லேசர் அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்கே தெரியாது. எங்கே படுகிறது என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். எல்இடி விளக்கு வைத்திருப்பதில் குற்றமில்லை, உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். அதை லேசர் என்று விற்பவர் வேறு எதை எப்படிச் சொல்லி விற்பார் என்பதுதான் என் யோசனை. ‘கேப்’ போட்ட பல் ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன். அதுவும் வெள்ளையாகிவிடும் என்றார். கிளம்பிவிட்டேன்.

ஏனென்றால் கேப் வெள்ளையாகாது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த முன்பல் ஒன்றுக்குப் பீங்கான் கேப் போட்டிருக்கிறேன். கேப், பல் நிறத்தில் அடைத்த ஃபில்லிங், பல்லின் முன்பக்கம் ஒட்டும் வெனீர் எதையும் எந்த ஜெல்லாலும் வெளுக்க முடியாது. சுற்றியுள்ள பற்கள் வெளுத்து, கேப் மட்டும் பழைய நிறத்தில் நின்றால் கல்யாண போட்டோவில் அதுதான் முதலில் தெரியும்.

இரண்டாவது கிளினிக் பேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மாடியில். டாக்டரம்மா எம்.டி.எஸ்., பல் சீரமைப்பும் வேர் சிகிச்சையும் படித்தவர். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அன்றைக்கு லேசர் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. ஒவ்வொரு பல்லாகக் காற்றடித்துக் காயவைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது; அதை அடைக்காமல் ஜெல் போட்டால் உள்ளே இறங்கி உயிர் போகிற மாதிரி வலிக்கும் என்றார். வேர் தெரிகிற அளவுக்கு ஈறு இறங்கிய இரண்டு பற்களைக் காட்டி, அந்த மஞ்சள் பகுதி வெளுக்காது என்றும் சொன்னார். பிறகு ஷேடு கைடு என்ற பதினாறு பல் வில்லைகள் கொண்ட பட்டையை என் பல்லோடு சேர்த்துப் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். அதில் என் பல்லின் நிறம் ஏ3.5. பி1-தான் அந்த வரிசையில் மிக வெளுத்த ஒன்று. “அது வரைக்கும் போகாது சார், ஏ2 வந்தா நல்லா வந்த மாதிரி” என்றார். முதல் இடத்து எட்டு ஷேடு கேரண்டி அப்போது நினைவுக்கு வந்தது.

அன்றைக்குச் சொத்தையை அடைத்து, பல்லைச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங் மட்டும். வெற்றிலை, டீ, சிகரெட் கறையெல்லாம் பல்லின் மேலே, காரையோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. பல பேருக்கு அதை எடுத்தாலே பாதி வெளுத்துவிடும். எனக்கும் கீழ்ப்பற்கள் மாறிவிட்டன. அதற்கு 1,500 ரூபாய், சொத்தை அடைக்கத் தனிக் காசு. ஒரு வாரம் கழித்து வெண்மைக்கு வரச் சொன்னார்.

அந்த நாளைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கேயும் சரியாக எழுதியிருப்பதில்லை. உதட்டை விரித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். ஈறு முழுக்க ஒரு நீலப் பசையைத் தடவி விளக்கடித்து இறுக வைத்தார்கள். ஜெல் ஈறில் பட்டால் வெளிறிப் புண்ணாகிவிடும் என்பதற்காக. இந்த ஒரு வேலைக்கே கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்தார்கள். எனக்கும் உதவிப் பெண்ணுக்கும் டாக்டருக்கும் கண்ணாடி. இங்கே இருந்தது நிஜ லேசர்; அதன் அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி அது, சும்மா கறுப்புக் கண்ணாடி போதாது. ஜெல்லைப் பூசி, பல்லுக்குச் சில விநாடி வீதம் லேசரைக் காட்டி, ஊறவிட்டு, உறிஞ்சி எடுத்து, மறுபடி பூசினார்கள். மூன்றாவது பூச்சில் கீழ் முன்பல் ஒன்றில் மின்சாரம் பாய்ந்த வலி. கையைத் தூக்கினேன். “வலிச்சா நிறுத்திடலாம் சார், பொறுத்துக்காதீங்க” என்று உடனே கழுவிவிட்டார். கீழ்ப்பற்களுக்கு அதோடு முடித்துக்கொண்டார்.

முடிந்ததும் உட்கார வைத்து, இதில் லேசரின் பங்கு என்ன என்று கேட்டேன். வெளுப்பது ஜெல்தான் என்றார். பெராக்சைடு எனாமலுக்குள் புகுந்து, அதற்கு அடியில் இருக்கும் டென்டின் வரைக்கும் போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. லேசரோ விளக்கோ ஜெல்லைச் சூடாக்கி அந்த வேலையைக் கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான். ஒளியோடும் ஒளியில்லாமலும் செய்து ஒப்பிட்ட ஆய்வுகளில் சில வாரம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சூடு அளவு மீறினால் ஆபத்து வேறு. 1965-இல் குரங்குகளின் பற்களில் செய்து பார்த்த ஆய்வில், பல்லின் உட்கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் நடுப்பகுதி) 5.5 டிகிரி செல்சியஸ் சூடேறியபோது சில பற்களின் கூழ் மீளவே இல்லை. இன்றைக்கும் எல்லோரும் வைத்திருக்கும் எல்லைக்கோடு அது. “அப்புறம் எதுக்கு டாக்டர் லேசர் வச்சிருக்கீங்க?” என்றேன். சிரித்தார். ஈறு வேலைக்கு வாங்கினாராம். வெண்மைக்கு லேசர் வேண்டாம் என்றால் இரண்டாயிரம் குறைவு என்று விலைப்பட்டியலில் இருக்கிறது, ஆனால் லேசர் இல்லை என்றால் பாதிப் பேர் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள் என்றார். எனக்கு 14,000 ஆனது. மறுபடி செய்துகொண்டால் 12,000-த்தில்தான் செய்துகொள்வேன்.

ராத்திரி பல் கூச்சம் ஆரம்பித்தது. காற்றை உள்ளே இழுத்தால் போதும், சுளீர் என்று குத்தும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்டைத் தடவிக்கொண்டு படுத்தேன். இரண்டாம் நாள் சாயந்திரம் அடங்கியது. பெரும்பாலானோருக்கு இப்படி ஓரிரு நாளில் போய்விடும். நாற்பத்தெட்டு மணி நேரம் டீ, காபி, மஞ்சள், பீட்ரூட் வேண்டாம் என்றார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் ஒன்றும் பலமாக இல்லை, இருந்தாலும் தயிர்சாதத்தோடு இருந்தேன். கல்யாண வீட்டில் மஞ்சள் இல்லாத சாப்பாடு கேட்பவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. “ஏண்டா, இங்கிலாந்துல பருப்புகூட மறந்துடுச்சா?” என்றாள் அக்கா.

ஃபுளோரைடு கறைக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில நாள் என் வெள்ளைத் திட்டுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. பல் உலர்ந்து போவதால் அப்படி. எச்சில் ஊறி ஈரம் திரும்பினால் கொஞ்சம் அடங்கும். டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் பதறவில்லை. முதல் நாள் பளீரென்று தெரிந்த வெண்மையிலும் ஒரு பகுதி இந்த உலர்வுதான். இரண்டு வாரத்தில் ஒரு படி இறங்கும். என்னுடையது ஏ1 போலத் தெரிந்து ஏ2-வில் நின்றது. காவிப் பட்டை மங்கியது, முழுதாகப் போகவில்லை. அதற்கு எனாமலின் மேல்தோலை அமிலப் பசையால் மெல்லத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன் என்ற முறை இருக்கிறது. வெள்ளைத் திட்டுக்குள் ரெசின் என்ற பிசினை ஊற வைக்கும் முறையும் உண்டு. தர்மபுரி, சேலம் டாக்டர்களுக்கு இந்தப் பல் பழக்கம். லண்டனில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டியபோது புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஊருக்கு வந்து செய்துகொள்கிறவர்கள் வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். நிறம் நிலைக்க இரண்டு வாரம். அதற்குப் பிறகுதான் கேப்பையோ முன்பல் ஃபில்லிங்கையோ புது நிறத்துக்கு மாற்ற முடியும். வெளுத்தவுடன் ஃபில்லிங் செய்தால் பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜனால் சரியாக ஒட்டாது என்பதும் ஒரு காரணம். கேப் லேபிலிருந்து வரச் சில நாள் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் தள்ளிப் போடுவது நல்லது. அடிபட்டு உள்ளிருந்தே கறுத்த ஒற்றைப் பல்லுக்கு மேலே ஜெல் பூசிப் பிரயோஜனமில்லை. வேர் சிகிச்சை செய்து உள்ளே மருந்து வைத்துத்தான் வெளுக்க வேண்டும். பியூட்டி பார்லரில் செய்கிறார்கள் என்றால் தயவுசெய்து போகாதீர்கள், அங்கே சொத்தை பார்க்க யாருமில்லை.

எனக்கு அச்செடுத்து டிரே செய்து, கூடவே 16 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல் கொடுத்தார்கள். அது கிட்டத்தட்ட 5.8 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம் என்பதால் பர்மிங்காமில் என் பல் மருத்துவர் பார்த்தாலும் முகம் சுளிக்க மாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை சில ராத்திரி போட்டால் போதுமாம். கேப் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாற்றியாயிற்று, ஏ2-வுக்கே பொருத்தி.

என்னைப் பார்த்துவிட்டுக் கல்யாணப் பெண்ணும் கிளம்பினாள். நாள் நெருங்கிவிட்டதால் டாக்டரம்மா ஸ்கேலிங் மட்டும் செய்து, காவிப் பட்டைக்கு ஒரு முறை மைக்ரோஅப்ரேஷன் செய்து அனுப்பினார். மற்றது மறுவீடு முடிந்து வரட்டும் என்றார். அவள் தம்பிக்குப் பதினாறு வயது. அவனும் நாற்காலியில் ஏறப் பார்த்தான். இன்னும் இரண்டு வருஷம் கழித்து வா என்று இறக்கிவிட்டுவிட்டார்.