மாலத்தீவில் கொரோனா கால டைவிங், மார்ச் 2021: டைவ் சென்டரை எதை வைத்து எடை போடுவது?

கடலைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. மார்ச் என்றால் வடகிழக்குப் பருவத்தின் கடைசி வாரங்கள். தண்ணீர் தெளிந்து கிடக்கிறது, வெப்பம் 28, 29 டிகிரி. சாதாரண ஆண்டுகளில் படகுகள் முட்டிமோதும் வடக்கு ஆரி அடோலின் (பவளத்தீவுக் கூட்டம்) மாயா திலா என்னும் நீருக்கடித் திட்டில்கூட 2021 மார்ச்சில் நெரிசல் இல்லை. வித்தியாசமெல்லாம் டைவ் சென்டருக்கு டைவ் சென்டர்தான். அதுவும் விருந்தினர் கண்ணில் படாத இடங்களில்.

வாசலில் வெப்பமானி, கை கழுவும் திரவம், பெட்டிமேல் தெளிக்கும் ஸ்ப்ரே எல்லாம் அன்று எல்லா ரிசார்ட்டிலும் இருந்தது. அதை வைத்து மதிப்பெண் போட வேண்டாம். நேராக உபகரணம் கழுவும் இடத்துக்குப் போய், வாடகை ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று பாருங்கள். வாய் வைத்து மூச்சு விடும் செகண்ட் ஸ்டேஜ், அதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வு, பிசிடியை (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று அங்கி) வாயால் ஊதும் குழாய், டைவ் மாஸ்க், ஸ்நார்கல் ஆகியவைதான் ஆபத்தானவை. காலில் மாட்டும் துடுப்பும் எடைப் பட்டியும் அந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டியவை அல்ல.

சரியான முறை இது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பையும் எச்சிலையும் போக்க வேண்டும். அழுக்கு இருந்தால் ப்ளீச் சரியாக வேலை செய்யாது. பிறகு 5 சதவீத வீட்டு ப்ளீச் என்றால் லிட்டருக்கு 20 மில்லி கலந்த கரைசலில் முழுதாக மூழ்க வைக்க வேண்டும். மேலே தெளித்தால் உள்ளே டயாஃப்ரம் வரை போகாது. அடுத்து மறுபடியும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காய விட வேண்டும். இதில் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, காற்றழுத்தம் இல்லாத ரெகுலேட்டரை ஊறப் போட்டுக்கொண்டே, செகண்ட் ஸ்டேஜில் காற்றைப் பீய்ச்சவைக்கும் பர்ஜ் பட்டனை அழுத்துவது. அப்போது வால்வு திறந்து, கரைசல் ஹோஸ் வழியாக, சிலிண்டரில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் போய் உலோகத்தை அரிக்கும். டேங்கில் மாட்டி, காற்றைத் திறந்துவிட்டு மூழ்க வைத்தால் இந்தச் சிக்கல் வராது. மற்றொன்று, கடைசி அலசலை அவசரமாக முடிப்பது. மிச்சமிருக்கும் க்ளோரின் தொண்டையை எரித்து, 15 மீட்டர் ஆழத்தில் இருமல் வரவைக்கும். கலந்து வைத்த ப்ளீச் நாளாக ஆக வீரியம் இழக்கும். இன்று காலை கலந்ததா என்று கேளுங்கள். நல்ல சென்டரில் தொட்டிமேலேயே தேதியும் நேரமும் எழுதியிருப்பார்கள்.

முடிந்தால் சொந்த ரெகுலேட்டர், சொந்த மாஸ்க். முடியாதவர்கள் வாயில் கடித்துக்கொள்ளும் ரப்பர் மவுத்பீஸ் ஒன்றும் ஜிப் டை நாலைந்தும் கொண்டுபோனால், மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் மவுத்பீஸை மாற்றியதால் உள்பக்கம் சுத்தமாகிவிடாது என்பதை மறக்க வேண்டாம். ஆவி படியாமலிருக்க மாஸ்கில் துப்பித் தேய்ப்பதும், எல்லோரும் ஒரே வாளியில் மாஸ்க் அலசுவதும் அறவே கூடாது. தண்ணீர் கலந்த பேபி ஷாம்பு ஒரு சின்ன பாட்டிலில் ஆளுக்கொன்றாக இருந்தால் போதும்.

ஜோடியாக இறங்குபவர்கள் முன்கூட்டி உபகரணங்களைச் சரிபார்க்கும் 'பட்டி செக்'கில், அவரவர் ஆக்டோபஸை (அடுத்தவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் கூடுதல் செகண்ட் ஸ்டேஜ்) அவரவரே வாயில் வைத்துச் சோதிக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் காற்றுப் பகிர்வை மவுத்பீஸ் மாற்றாமல் பாவனையாகச் செய்யலாம். நிஜமாகவே தண்ணீருக்கடியில் ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் எந்த யோசனையும் வேண்டாம், கொடுத்துவிட வேண்டும்.

தோணியில் முகக்கவசம் நனைந்தால் அதனால் பயனில்லை. உலர்பையில் ஆளுக்கு இரண்டு மூன்று கூடுதலாக வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேர் என்று வைக்கும் சென்டருக்கே எங்கள் ஓட்டு. ஓர் ஆண்டாகத் தண்ணீரில் இறங்காதவர்களை முதல் நாளே கண்டு என்னும் நீரோட்டக் கால்வாய்களுக்குக் கூட்டிப்போகும் சென்டரை ஒதுக்கிவிடுங்கள். தீவின் சொந்தப் பவளத்திட்டில் மிதப்பைக் கட்டுப்படுத்துவது, மாஸ்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது, நீருக்கடியிலிருந்து அடையாள மிதவை விடுவது மூன்றையும் பார்த்த பிறகுதான் மற்றது.

டைவ் விபத்துக்கான அவசர ஆக்சிஜன் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை, கட்டாயம் கேளுங்கள். 2 லிட்டர் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் இருந்தால் 400 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 26 நிமிடத்தில் காலி. டைவ் விபத்தில் சிக்கியவர்களுக்கான அழுத்தச் சிகிச்சை அறை இருக்கும் தீவு ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தால் 1,350 லிட்டர் தேவை. அந்த அறை இப்போது இயங்குகிறதா, கொரோனா சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் சேர்த்துக்கொள்வார்களா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். டைவில் ஏற்படும் நுரையீரல் காயத்திலும் இருமல், மூச்சுத்திணறல்தான் அறிகுறி. அதைக் கொரோனா என்று நினைத்துத் தனி அறையில் உட்கார வைத்துவிட்டால் நேரம் போய்விடும்.

கொரோனா வந்து குணமானவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் இறங்கவே கூடாது. அறிகுறியே இல்லாதவர்களுக்கு ஒரு மாதம், அறிகுறி இருந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் காத்திருப்பு என்பது 2021-இல் டைவ் மருத்துவர்கள் பலரின் கணக்கு. நிமோனியாவுக்காக மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு நுரையீரல், இதயப் பரிசோதனையும் சேரும். காரணம் எளியது: 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது நுரையீரல் காற்று இரட்டிப்பாக விரியும். தழும்பு விழுந்த இடத்தில் அது மாட்டிக்கொண்டால் திசு கிழியும். மருத்துவப் படிவத்தை வாங்கிப் படிக்காமல் கோப்பில் சொருகும் சென்டரில் பணம் கட்டாதீர்கள்.

2021 மார்ச்சில் காகித வேலை அதிகம் இல்லை. அன்று தேவைப்பட்டவை, கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் நெகட்டிவ், 24 மணி நேரத்துக்குள் இமுகா என்னும் மாலத்தீவு குடிவரவு இணையதளத்தில் நிரப்பிய சுகாதாரப் படிவம்; இறங்கியதும் இலவச விசா. குழப்பம் திரும்பும்போதுதான் இருந்தது. 2021 பிப்ரவரி 22 முதல் இந்தியா வருபவர்களுக்குப் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் வேண்டியிருந்தது. பல நாள் டைவ் செய்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கடல் விமானமும் விமானம்தான். ஞாயிறு மதியம் விமானம், காலை 7 மணிக்குக் கடல் விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி மதியம் 1 மணிக்குள் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அன்றைய 72 மணி நேர விதிப்படி, பிசிஆர் சாம்பிளை வியாழன் மதியம் தாண்டியதும் கொடுப்பது நல்லதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை, தலைநகர் மாலேக்கு சாம்பிள் போகத் தாமதமாகலாம். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும் என்பதால், இரவில் வந்திறங்குபவர்களுக்கு ஸ்பீட் போட்டில் போகக்கூடிய அடோல்களே வசதி.

தங்குமிடங்களின் மூன்று வகைகளில் எங்கள் தேர்வு, சொந்தப் பவளத்திட்டு உள்ள ரிசார்ட். ஒரு தீவு, ஒரு ரிசார்ட், வெளியாள் வருவதில்லை. படகிலேயே தங்கி டைவ் செய்யும் லைவ்அபோர்டில் டைவிங் இதைவிட மேல், ஆனால் 2021-இல் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றால் படகு முழுவதும் முடங்கும் நிலை இருந்தது. 2020 அக்டோபர் 15-இல் மீண்டும் திறந்த, ஊர்த் தீவுகளிலுள்ள கெஸ்ட் ஹவுஸ்கள் மலிவு. ஊர் மக்களோடு கலந்திருப்பதால் அந்தத் தீவின் நிலவரம் மாறினால் உங்கள் திட்டமும் மாறும்.

விலைப் பட்டியலில் '++' இருந்தால் சேவைக் கட்டணமும் அதன்மேல் வரியும் சேரும்: 2021-இல் 10 சதவீதக் கட்டணமும் 12 சதவீத வரியும் சேர்ந்து 100 டாலர் டைவ் 123 டாலர் 20 செண்ட் ஆனது. பாசிட்டிவ் வந்தால் தனிமை அறைக்கு யார் பணம், உடன் டைவ் செய்தவர்களுக்கு என்ன ஏற்பாடு, செய்யாத டைவ்களுக்குப் பணம் திரும்புமா என்ற மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். டைவ் விபத்துக் காப்பீட்டைத் தனிமைச் செலவுக்கு நம்ப வேண்டாம். அதற்குப் பயணக் காப்பீட்டில் கொரோனா பிரிவு தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.