வாளியா, காதா?
யாழ்ப்பாணத்துத் தென்மராட்சித் தென்னை வளவுகளில், புழுவாக இருக்கும்போது தண்டுக்குள் குடைந்து மரத்தைக் கெடுக்கும் சிவப்புக் கூன்வண்டைக் கண்காணிக்கப் பிரதேச சபைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கவர்ச்சிப் பொறி: துளையிட்ட வாளி, உள்ளே ஆண் வண்டின் மணத்தைப் போலச் செய்த மருந்துப் பை, புளித்த பழம், தண்ணீர். ஆணும் பெண்ணும் வந்து விழும். வாரம் ஒருமுறை எண்ணினால் சரி. ஆனால் எந்த மரத்துக்குள் புழு என்று வாளி சொல்லாது. இளந்தென்னைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், வெற்றிலை பாக்கு வைத்து வண்டை நாமே அழைத்த மாதிரி.

மற்றது, ஆள் விட்டு மரம் மரமாகப் பார்ப்பது. துளையில் பழுப்புச் சாறு, சப்பித் துப்பிய சக்கை போல நார். தண்டில் காதை வைத்தால் புழு அரிக்கும் சத்தம். மெதுவான வேலை, வடலிக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். வாளியை முதலில் வைத்து, வண்டு விழுந்த ஒழுங்கைக்கு மட்டும் ஆளை அனுப்பலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.