கலப்பு வடிவமைப்பு எஃப்எம்ஆர்ஐ: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

எஃப்எம்ஆர்ஐ என்பது இரத்த ஓட்ட மாற்றத்தை வைத்து மூளைச் செயல்பாட்டைப் பார்க்கும் ஸ்கேன். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்யும் நேரம் பிளாக்; அதற்குள் வரும் ஒவ்வொரு தனி முயற்சியும் ட்ரையல். பிளாக் நெடுக நீடிக்கும் மூளைச் செயல்பாடு ஒன்று, ட்ரையலுக்கு ட்ரையல் எழுந்து அடங்குவது இன்னொன்று. சுருதிப்பெட்டியும் மிருதங்கமும் போல. இரண்டையும் ஒரே ஸ்கேனில் பிரித்தெடுக்கத்தான் இந்த வடிவமைப்பு. நெடுநாள் புழங்கியதில் தெரிவது: கணநேரப் பகுதியை நம்பலாம், நீடித்த பகுதியைச் சந்தேகத்தோடுதான் எடுக்க வேண்டும்.

காரணம் ட்ரையல் இடைவெளி. ஒரு ட்ரையலுக்கு எழும் இரத்த ஓட்டத் துலங்கல் உச்சம் தொட 5, 6 விநாடி ஆகும். ட்ரையலை 2.5 விநாடிக்கு ஒன்றாகச் சீராக விட்டால் துலங்கல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகிவிடும். அந்த மேட்டையும் நீடித்த செயல்பாட்டையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. டிஆர் (ஒரு முழு மூளைப் படம் எடுக்க ஆகும் நேரம்) 2.5 விநாடி என்றால் ட்ரையல் தொடக்கங்களுக்கு நடுவே 2.5, 5, 7.5 எனக் கலைத்துப் போடுங்கள். குறுகியது அதிகம், நீண்டது குறைவு. பிளாக்குகளுக்கு நடுவே ஓய்வாக 30 விநாடி, திரையில் வெறும் கூட்டல் குறி.

துலங்கலின் வடிவத்தை முன்கூட்டி ஊகிக்க வேண்டாம். ஊகித்த வளைவு பொருந்தாவிட்டால் மிச்சம் நீடித்த கணக்கில் போய் விழும். அஃப்னி என்ற பகுப்பாய்வு மென்பொருளில் டென்ட்(0,20,9), அதாவது 0 முதல் 20 விநாடி வரை 9 புள்ளிகள், போட்டால் 20 விநாடியும் 2.5 விநாடிப் படிகளில் கிடைக்கும். பிளாக்கின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனி ரெக்ரஸர் (கணக்கில் சேர்க்கும் விளக்க மாறி) கட்டாயம். எஸ்பிஎம் என்ற இன்னொரு மென்பொருளின் பயனர்கள் ஹை-பாஸ் ஃபில்டரை (மிக மெதுவான ஏற்ற இறக்கங்களை நீக்கும் வடிகட்டி) கவனியுங்கள்: அதன் டிஃபால்ட் 128 விநாடி. பிளாக் 120, ஓய்வு 30 என்றால் சுழற்சி 150; தேடுகிற சிக்னலையே அது அரித்துவிடும். 300 விநாடி வரை ஏற்றலாம், மெல்லிய டிரிஃப்ட் (சிக்னல் மெதுவாக நகர்வது) கொஞ்சம் உள்ளே வரும் என்பது அதற்கான விலை.

ஆட்கள் விஷயம். ஈப்போவுக்கு வேனில் ஸ்கேனுக்குப் போகும் தோட்டத்து அக்காமார்களிடம் தாலி, மெட்டி, மூக்குத்தி போன்ற உலோக நகைகளைக் கழற்றுவது பற்றி முதல்நாளே சொல்லிவிட வேண்டும். வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருவார்கள். ஸ்கேனர் வாசலில் கழற்றச் சொன்னால் மனம் கலங்கி, உள்ளே தலை அசையும். பசியாறும்போது தே தாரிக் (பால் தேநீர்) குடிப்பதிலும் எல்லோருக்கும் ஒரே விதி. தேநீரிலுள்ள கஃபீன் மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

மூளையின் முன் இன்சுலா, முன் சிங்குலேட் என்ற பகுதிகளில் நீடித்த சிக்னல் வந்தால் அது டோசன்பாக் என்ற ஆய்வாளரின் குழு 2006இல் காட்டியதோடு ஒத்துப்போகும். பார்வைப் புறணி முழுக்க நீடித்ததாக எரிந்தால், அது துலங்கல்கள் ஏறிய மேடாக இருக்கலாம்; முதலில் ட்ரையல் இடைவெளிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.