கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும் என் செவ்வாய்க்கிழமையும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் மனதைச் சீர்படுத்த ஓரிடம் கேட்டால், கொழும்பு 13 கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தைத்தான் சொல்வேன், அதுவும் அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமையில். புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை முடிந்ததும் நடந்தே போய்விடுகிறேன். தமிழிலும் சிங்களத்திலும் செபம் நடக்கும். பூமாலையோடு இந்துப் பெண்களும் வந்து கும்பிடுவார்கள். கூட்டம் நெருக்கும், அமைதி வேண்டுமானால் வேறு நாளில் போங்கள்.

எனக்கு அந்தக் கூட்டமே பலம். செபிக்க மனம் வராத வாரத்திலும் செவ்வாய் வந்துவிடும், கால் தானாக நடக்கும். உணர்ச்சிக்குக் காத்திருக்காத பக்திதான் நிலைக்கும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் உயிர்கள் போன அதே தரையில் முழந்தாளிட்டு, மன்னிக்கும் மனதைத் தா என்று கேட்பது லேசல்ல. அதை வாரந்தோறும் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் நோன்பு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும், இயேசு இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளியும் கத்தோலிக்கருக்கு 18 முதல் 59 வயது வரை ஒருவேளைதான் முழுச் சாப்பாடு. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. அம்மாவை அதைச் சொல்லித்தான் சாப்பிட வைக்கிறோம்.

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, செய்ய விரும்பினால், தமிழ் பேசும் குரு எப்போது இருப்பார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.