ஆடிக் கச்சேரியில் அந்திமழை: குடையா, ரெயின்கோட்டா, பான்ச்சோவா?

ஆடி பிறந்தால் வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை அம்மன் கோயில் தெருக்களில் பகலில் கூழ், ராத்திரியில் கச்சேரி. கானாவோ மெல்லிசையோ, மேடை நடுத்தெருவில்தான். இடிமழை வருவதும் இதே மாதத்தில்தான். பகலெல்லாம் வெயில் காய்ந்து, மேற்கே திருவள்ளூர் பக்கம் மேகம் திரண்டு, ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் என்று கடலைப் பார்த்து நகர்ந்து வரும். ஐப்பசி மழை மாதிரி நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளாது. பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகக் கச்சேரியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டாம். கையில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

குடை எல்லார் வீட்டிலும் இருக்கும். நடந்து வரவும் போகவும் அதற்கு ஈடில்லை. கூட்டத்துக்குள் நின்றால் கதை வேறு. விரித்த குடை பின்னால் நிற்கும் நாலு பேருக்கு மேடையை மறைக்கும். கம்பி நுனி பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு நேராக நிற்கும். ஓரத்தில் வடியும் தண்ணீர் அடுத்தவர் தோளில் இறங்கும். இடிமழைக்கு முன்னால் வரும் காற்று, மூன்று மடிப்புக் குடையை ஒரே வீச்சில் மேல்நோக்கிப் புரட்டிவிடும். ஒரு கை குடைக்கே போய்விடுவதால் தாளம் போடவும் முடியாது. பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரும் பெரியவர்களுக்கு நீளக்குடை சரி. மற்றவர்கள் மடக்கிப் பையில் வைத்துக்கொள்வதே நல்லது.

சட்டையும் பேன்ட்டுமாக வரும் ரெயின்கோட், பைக்கில் வருகிறவர்களுக்கு. வாங்கும்போது உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். தையல்மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசித் துளை வழியாகத் தோளிலும் தொடை நடுவிலும்தான் முதலில் ஒழுகும். சந்தேகமிருந்தால் வீட்டில் தோள்பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். இதன் பெரிய குறை புழுக்கம். ஆடி மாதச் சென்னைக் காற்றில் கூட்டத்துக்கு நடுவே ரப்பர்த் துணிக்குள் நின்றால் மழையில் நனையாத உடம்பு வேர்வையில் நனையும். ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது கிழியும்.

நின்று கேட்பவர்களுக்கு எங்கள் தேர்வு பான்ச்சோதான், அதாவது தலை வழியாக மாட்டும் கையில்லாத அங்கி. இரண்டு கையும் சும்மா இருக்கும், காற்று கீழிருந்து புகும், தோள்பையும் உள்ளேயே அடங்கும். ஒரு தடவை போட்டு எறியும் மெல்லிய ரகம் கழுத்தோரம் சீக்கிரம் கிழியும். பக்கவாட்டில் பித்தான் உள்ள கனமான ரகம் வாங்குங்கள். பித்தான் போடாவிட்டால் காற்றில் முகத்துக்கு ஏறிவிடும். இதைப் போட்டுக்கொண்டு வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. தொங்கும் முனை சக்கரத்திலோ செயினிலோ சிக்கும்.

பாட்டுக் கேட்க வந்தவர்கள் கவனிக்க வேண்டியது தலைமூடியை, அதாவது ரெயின்கோட்டிலும் பான்ச்சோவிலும் தலையை மூடும் பகுதியை. காதுமேல் பிளாஸ்டிக் இருந்தால் அதில் விழும் மழையின் சடசடப்பு டோலக்கைவிடச் சத்தமாகக் கேட்கும். அதனால் உள்ளே முன்விளிம்பு வைத்த தொப்பியைப் போட்டு, மூடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். தலை கொஞ்சம் நனையும், பாட்டு முழுசாகக் கேட்கும்.

மழை வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துப் பிடிப்பது இங்கே வழக்கம். ஐந்து நிமிடத்துக்குத் தாங்கும், அதற்குள் கை வலித்துவிடும். நாலு காலும் அக்கம்பக்கத்தாரை இடிக்கும். சாமியானாவுக்குள் ஒதுங்கினால் முதலில் மேலே பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 50 கிலோ. துணி தொப்பையாகத் தொங்குகிற இடத்துக்குக் கீழே நிற்காதீர்கள்.

காலுக்குப் பின்வார் உள்ள ரப்பர் சாண்டல். ஹவாய்ச் செருப்பு சேற்றில் வார் பிடுங்கிக்கொள்ளும், ஷூ ஊறிவிட்டால் காய இரண்டு நாள் ஆகும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

எதைப் போட்டிருந்தாலும் சீரியல் செட் ஒயர், ஸ்பீக்கர் இரும்புத் தாங்கி, பந்தல் கம்பம், தெருவோர மின்பெட்டி இவற்றைத் தொடக் கூடாது. பக்கத்தில் தண்ணீர் நின்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள். இடி கேட்டால் மரத்தடியும் சாமியானாவும் உதவாது. கான்கிரீட் கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பின் அரை மணி இருங்கள். வீடு திரும்பும்போது வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் போகாதீர்கள், தண்ணீர் கட்டும் இடம்.

கிளம்புமுன் வானிலைத் துறையின் சென்னை ரேடார் படத்தை ஒரு பார்வை பாருங்கள். சிவப்புத் திட்டு ஆவடிப் பக்கம் வந்துவிட்டால் மேடையில் தார்ப்பாய் இழுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி பொதுவான எல்லை என்பதால், ஒன்பதரைக்கு மேல் பிடித்த மழையில் கச்சேரி மீண்டும் தொடங்குவது கஷ்டம். எட்டு மணி மழை என்றால் இருந்து பாருங்கள். ஈரக்காற்றில் பறையின் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகிவிடும். மழை விட்டதும் மேடைக்குப் பின்னால் காகிதத்தைக் கொளுத்தி, பறையைத் தீயில் காட்டி, விரலால் தட்டிப் பார்க்கிறார்கள் என்றால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அடி விழும்.